கண்காணிப்பு அறையில் நம் பிள்ளைகள்

 

கங்காணி என்ற சொல்லை அறியாதவர் நம்மில் எவரும் இருக்க முடியாது. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது பக்கத்தில் நின்றவர் கங்காணி. நிரையில் பால்மரம் சீவிவிட்டு நகர்ந்தால், பின்னாலேயே வந்து பட்டையில் காயம் பட்டிருக்கிறதா என்று பார்த்தவரும் அவரே. நம் பாட்டன்மார் பலரைக் கப்பலேற்றி இந்நாட்டுக்கு அழைத்து வந்தவரும் அவரே. அவ்வாறு ஆள் சேர்க்கும் முறை 1938-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. ஆனால் சொல் நிலைத்துவிட்டது. அச்சொல்லைச் சற்றே பிரித்துப் பாருங்கள். கண், காணி. கண்ணால் கண்டு மேற்பார்வை செய்பவர் என்பதே அதன் பொருள்.

இன்று அந்தக் கண் வேறு உருவத்தில் வந்திருக்கிறது. ஆலை வாசலில், செம்பனைக் குலைகளை எடைபோடும் இடத்தில், பட்டணத்துப் பேரங்காடியில், வங்கியில், கோயில் உண்டியலுக்கு மேலேகூட ஒரு காமிரா இருக்கிறது. கண்காணிப்புக் காமிரா என்கிறோம். மறைக்காணி என்று நம் பத்திரிகைகள் எழுதுகின்றன. அதைப் பார்த்ததும், “நம்மைப் பார்க்கிறார்கள்” என்ற எண்ணமே நமக்கு முதலில் எழுகிறது. பல தலைமுறையாகப் பார்க்கப்பட்டே பழகியவர்கள் அல்லவா நாம்?

ஆனால் எண்ணிப் பாருங்கள். அந்தக் காமிராவுக்குப் பின்னால், குளிரூட்டப்பட்ட ஓர் அறையில், திரைகளின் முன்னே ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவர் யார்? பல இடங்களில் அவர் நம் வீட்டுப் பிள்ளை. தோட்டத்தை விட்டுப் பட்டணம் போய்ப் பாதுகாவலர் வேலையில் சேர்ந்த நம் மகன் அல்லது மகள். ஆகவே, அந்த அறையில் என்ன நடக்கிறது, அங்கே மேசைமேல் இருக்கும் விசைப்பலகையை எப்படி இயக்குவது, அதை இயக்குபவருக்கு எத்தகைய பொறுப்பு இருக்கிறது என்பதைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நேயர்களே, இக்கருவி போர்க்காலத்தில் பிறந்தது. 1942-ஆம் ஆண்டு ஜெர்மனியில் பீனமுண்டே என்னும் இடத்தில் ராக்கெட்டுகளை ஏவிச் சோதனை செய்தார்கள். அருகில் நின்று பார்த்தால் உயிருக்கு ஆபத்து. ஆதலால் வால்டர் புரூக் என்ற பொறியாளர் தொலைக்காட்சிக் காமிராக்களை அங்கே வைத்து, தொலைவில் இருந்தபடியே திரையில் பார்க்க வழி செய்தார். அந்நாளில் பார்க்கத்தான் முடியும். பதிந்து வைக்க முடியாது. 1956-இல் அமெரிக்காவில் ஒளிப்பதிவு நாடாக் கருவி வந்த பிறகே படத்தைச் சேமிக்கும் வழி பிறந்தது. இப்போது நாடாவும் போய், கணினியில் இருப்பது போன்ற வட்டில் பதிவாகிறது.

இந்த ஏற்பாட்டை ஓர் உடம்பாக நினைத்துக்கொள்ளுங்கள். காமிராதான் கண். கம்பி நரம்பு. பதிவுப் பெட்டி நினைவு. திரை, கண்டதை நமக்குக் காட்டும் முகம். விசைப்பலகையோ கை. கண்ணைத் திருப்புவதும், உற்றுப் பார்க்கச் செய்வதும், பழைய நினைவை எடுத்துக் காட்டச் சொல்வதும் இந்தக் கைதான்.

இது வானொலி. படம் காட்ட இயலாது. ஆகவே, கண்ணை மூடிக்கொண்டு மனத்தில் ஒரு படம் வரைந்துகொள்ளுங்கள். பள்ளிக்கூடத்துக் கற்பலகை அளவில் ஒரு பெட்டி. அதன்மேல் சைபர் முதல் 9 வரை எண் பொத்தான்கள். பக்கத்தில் காமிரா, திரை, நிலை என்று பெயர் எழுதிய சில பொத்தான்கள். வலக்கைப் பக்கம், கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு கைப்பிடிக் குச்சி. இதுதான் கட்டுப்பாட்டு விசைப்பலகை. உருவம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இயக்கும் முறை பெரும்பாலும் ஒன்றே.

முதலில் இரகசிய எண்ணை அழுத்தி உள்ளே நுழைய வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனி எண் கொடுப்பதே முறை. யார் எந்த நேரத்தில் இயக்கினார் என்பதற்கு அதுவே சாட்சி. அடுத்து, எந்தத் திரை என்று சொல்ல வேண்டும். 2 என்று அழுத்தித் திரைப் பொத்தானைத் தட்டினால் இரண்டாம் திரை நம் கைக்கு வரும். பிறகு, எந்தக் காமிரா? 7 என்று அழுத்திக் காமிராப் பொத்தானைத் தட்டினால் ஏழாம் காமிராவின் படம் அத்திரையில் தோன்றும். திரை முதலில், காமிரா அடுத்து. இந்த வரிசையை மறந்து, வேறொருவர் பார்த்துக்கொண்டிருக்கும் திரையை மாற்றிவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

இப்போது குச்சியைப் பிடியுங்கள். இடப்பக்கம் சாய்த்தால் காமிரா இடப்பக்கம் திரும்பும். வலப்பக்கம் சாய்த்தால் வலப்பக்கம். மேலும் கீழும் அவ்வாறே. குச்சியின் தலையைத் திருகினால் தூரத்துப் பொருள் அருகே வரும். எதிர்ப்பக்கம் திருகினால் விலகும். சிறிது சாய்த்தால் மெதுவாகவும் அதிகம் சாய்த்தால் வேகமாகவும் திரும்பும். இதற்குப் பலம் வேண்டியதில்லை. கையடக்கம்தான் வேண்டும். பால்மரம் சீவியவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. கத்தியை அழுத்தினால் மரத்தில் காயம். மிக மேலாகச் சீவினால் பால் வராது. பட்டையின் கனத்தை விரலால் உணர்ந்து சீவிய கை அது. அதே கையடக்கம்தான் இங்கேயும் வேண்டியிருக்கிறது. ஒருவரை அருகே இழுத்துப் பார்க்கும்போது குச்சியைச் சற்றே வேகமாகத் தள்ளினாலும் அவர் திரையை விட்டே போய்விடுவார்.

இன்னும் இரண்டு பொத்தான்கள் உண்டு. ஒன்று படத்தின் தெளிவைத் திருத்துவது. மற்றொன்று காமிராவுக்குள் புகும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது. வாசலில் வெயில் அடிக்கும்போது உள்ளே வருகிறவரின் முகம் கருப்பாகத் தெரியும். அப்போது வெளிச்சத்தைச் சிறிது கூட்டினால் முகம் தெரியும். பெரும்பாலும் காமிரா தானாகவே இவற்றைச் சரிசெய்துகொள்ளும். அது தடுமாறும் வேளையில் மட்டும் நாம் கை கொடுக்க வேண்டும்.

“ஒரே விசைப்பலகை இத்தனை காமிராக்களோடு எப்படிப் பேசுகிறது?” என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டாள். நல்ல கேள்வி. நம் லயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையாக வீடுகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். லயத்தின் முனையில் நின்று ஒருவர், “ஏழாம் நம்பர் வீடு!” என்று குரல் கொடுத்தால் எல்லா வீட்டுக்கும் கேட்கும், ஆனால் ஏழாம் வீட்டார் மட்டுமே எட்டிப் பார்ப்பார்கள். காமிராக்களும் அப்படித்தான். முறுக்கிய இரண்டு சிறு கம்பிகள் எல்லாக் காமிராக்களையும் தொட்டுச் செல்கின்றன. இதற்கு ஆர்.எஸ். 485 என்று பெயர். ஏறத்தாழ 1,200 மீட்டர் தூரம் வரைக்கும், ஒரே வரிசையில் 32 கருவிகள் வரைக்கும் இது தாங்கும். விசைப்பலகை, “ஏழே, இடப்பக்கம் திரும்பு” என்று சொல்லும். எல்லாக் காமிராவும் கேட்கும். ஏழு மட்டும் திரும்பும்.

அந்த ஏழு என்னும் எண்ணைக் காமிராவுக்கு யார் கொடுத்தார்கள்? பல காமிராக்களின் உள்ளே வரிசையாகச் சின்னஞ்சிறு விசைகள் இருக்கும். அவற்றை எடைக்கற்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கல் 1, அடுத்தது 2, அடுத்தது 4, பிறகு 8, பிறகு 16. ஏழு வேண்டுமானால் 1, 2, 4 ஆகிய மூன்றையும் மேலே தள்ள வேண்டும். ஐந்து வேண்டுமானால் 1, 4 இரண்டும் போதும். இதனால்தான் கணக்குப் பாடத்தைத் தள்ளிவைக்காதீர்கள் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இதைத் தெரிந்துகொண்டால் ஒரு பயன் உண்டு. படம் வருகிறது, ஆனால் காமிரா திரும்பவில்லை என்றால் பலர் காமிராவே கெட்டுவிட்டதென்று முடிவு கட்டிவிடுகிறார்கள். படம் வரும் வழி வேறு, கட்டளை போகும் வழி வேறு. எண் தவறாக இருக்கலாம். இரண்டு கம்பிகளும் இடம் மாறி இணைக்கப்பட்டிருக்கலாம். விசைப்பலகை பேசும் வேகமும் காமிரா கேட்கும் வேகமும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். இரண்டு காமிராக்கள் ஒன்றாகத் திரும்பினால், இரண்டுக்கும் ஒரே எண் வைத்திருக்கிறார்கள் என்று பொருள். புதிய ஏற்பாடுகளில் கணினிக் கம்பி வழியாகவே படமும் கட்டளையும் போகின்றன. அங்கேயும் ஒவ்வொரு காமிராவுக்கும் தனி முகவரி உண்டு. லயத்தின் அமைப்பு மாறினாலும் வீட்டு எண் வேண்டும் என்பது மாறவில்லை.

அடுத்து, நிலை என்னும் பொத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுழலும் காமிராவை வாசலுக்குத் திருப்பி, அளவாக அருகே இழுத்து, அந்த நிலைக்கு 1 என்று எண் கொடுத்துவிடலாம். மோட்டார்க் கொட்டகைக்கு 2, சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு 3. பிறகு 2 என்று அழுத்தி நிலைப் பொத்தானைத் தட்டினால், காமிரா தானே கொட்டகையின் பக்கம் திரும்பி நிற்கும். குச்சியைத் தொடவே வேண்டாம். இவற்றுள் மிக முக்கியமான ஒன்றை வீட்டு நிலை என்று வைப்பார்கள். வேலை முடிந்ததும் காமிரா வந்து நிற்க வேண்டிய இடம் அது.

இந்த வீட்டு நிலையைப் பற்றி நான் பட்டுத் தெரிந்துகொண்ட ஒன்றை உங்களிடம் ஒளிக்காமல் சொல்கிறேன்.

எங்கள் தோட்டப் பள்ளியில் சில ஆண்டுகளுக்கு முன் காமிராக்கள் பொருத்தினோம். நிலையாக ஒரே பக்கம் பார்ப்பவை ஆறு, சுழலுவது ஒன்று, அதற்கொரு விசைப்பலகை. பெற்றோர்கள் வெள்ளி வெள்ளியாகச் சேர்த்துக் கொடுத்த பணம். பொறுப்பு என்னிடம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஆறாம் ஆண்டு மாணவர்கள் கேட்டார்களே என்று அவர்களுக்கு இயக்கிக் காட்டினேன். திடலுக்கு அப்பால் இருக்கும் கோயில் கோபுரத்தை அருகே இழுத்தேன். கலசத்தின்மேல் ஒரு மைனா உட்கார்ந்திருந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் மகிழ்ந்தேன். அறையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். காமிராவை வீட்டு நிலைக்குத் திருப்பவில்லை.

மறுநாள் சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குக் கொட்டகைப் பூட்டை உடைக்கும் சத்தம் கேட்டு எங்கள் ஜாகாக்காரர் ஓடினார். நீர் இறைக்கும் மோட்டாரைக் காணோம். ஞாயிறு காலை எல்லோரும் கூடிப் பதிவை ஓட்டிப் பார்த்தோம். கொட்டகையைப் பார்த்திருக்க வேண்டிய காமிரா, இரண்டு நாள் முழுதும் கோபுரக் கலசத்தையே பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தது!

இது நகைப்புக்குரியது. ஆனால் இதற்குப் பிறகு நடந்தது நகைப்புக்குரியதல்ல. மூன்றாம் காமிராவில், திடலின் ஓரமாக ஒரு பையன் ஓடுவது தெரிந்தது. படத்தின் மூலையில் நேரம் இருந்தது: ஒன்பது மணி இரண்டு நிமிடம். பையன் எங்கள் பழைய மாணவன். ஐந்தாம் படிவம் படிப்பவன். தகப்பன் இல்லாத பிள்ளை. கூடியிருந்தவர்களில் சிலர் அப்போதே முடிவு கட்டிவிட்டார்கள். அவனை அழைத்து வந்தார்கள். “நான் எடுக்கல சார். டியூஷன் விட்டு எட்டு மணிக்கே வந்துட்டேன் சார்” என்றான். “காமிரா பொய் சொல்லுமாடா?” என்று ஒருவர் கேட்டார். அவன் தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

அவ்வேளையில் ஜாகாக்காரர்தான் என்னைத் தனியே அழைத்தார். “வாத்தியாரே, அந்தப் பொட்டியில மணி சரியா ஓடுதானு பாத்தீங்களா?” என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. முந்திய வாரம் இடிமழையில் மின்சாரம் நின்று, பெட்டியின் கடிகாரம் பழைய தேதிக்குப் போயிருந்தது. அவசர அவசரமாக நான்தான் திருத்தினேன். திரையில் ஓடும் நேரத்தைக் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். சரியாக ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைப் பதிவை எடுத்தேன். நான் ஐந்து மணிக்கு அறையைப் பூட்டியதை அந்தப் பெட்டி ஆறு மணி என்று காட்டியது. ஆகவே பையன் ஓடியது எட்டு மணி இரண்டு நிமிடத்துக்கு. அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. டியூஷன் ஆசிரியையும் அதையே சொன்னார்.

நான் அந்தத் தாயிடமும் பையனிடமும் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். மோட்டார் கிடைக்கவில்லை. ஆனால் ஒரு பிள்ளையின் பெயர் பிழைத்தது. “கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்று நம் முன்னோர் சொன்னது காமிராவின் கண்ணுக்கும் பொருந்தும்.

நேயர்களே, அன்று நான் கற்றுக்கொண்டவற்றைச் சில விதிகளாகச் சொல்கிறேன். கண்காணிப்பு அறையில் வேலை செய்யும் பிள்ளைகள் இவற்றை எழுதி வைத்துக்கொண்டால் நன்று.

முதல் விதி: வேலைக்கு வந்தவுடன் காமிராக்களுக்குப் பெரட்டு எடுங்கள். கிராணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டது போல, 1 முதல் கடைசி வரைக்கும் ஒவ்வொரு காமிராவாக அழைத்துப் பாருங்கள். படம் வருகிறதா? தெளிவாக இருக்கிறதா? கண்ணாடியில் சிலந்தி வலை கட்டியிருக்கிறதா? சுழலும் காமிரா திரும்புகிறதா? பதிவாகிறதா? வராத காமிராவைப் புத்தகத்தில் குறித்து, மேலதிகாரிக்கு உடனே சொல்லுங்கள்.

இரண்டாம் விதி: நேரத்தைச் சரிபாருங்கள். தவறாக இருந்தால் நீங்களாகவே திருத்திவிடாதீர்கள். எவ்வளவு வேறுபாடு என்பதை முதலில் எழுதி வைத்து, பிறகு பொறுப்பாளரைக் கொண்டு திருத்துங்கள். எழுதாமல் திருத்தினால் பழைய பதிவுகளின் உண்மையான நேரத்தைக் கண்டுபிடிக்க இயலாது.

மூன்றாம் விதி: சுழலும் காமிரா, பார்க்கும் இடத்தை மட்டுமே பதியும். முதுகுப் பக்கத்தை அது பதியாது. வேலை முடிந்ததும் வீட்டு நிலைக்குத் திருப்புங்கள். சில நிமிடங்கள் குச்சியைத் தொடாவிட்டால் காமிரா தானே வீடு திரும்பும் வசதி பல கருவிகளில் உண்டு. அதை அமைத்துத் தரச் சொல்லுங்கள்.

நான்காம் விதி: ஏதாவது நடக்கும்போதே முகத்தையும் வண்டி எண்ணையும் அருகே இழுத்துப் பதிந்துவிடுங்கள். பிறகு மீண்டும் விலகி, முழு இடத்தையும் காட்டுங்கள். தூரத்திலிருந்து பதிந்த படத்தைப் பின்னால் பெரிதாக்கினால் புள்ளிகள்தான் பெரிதாகும், முகம் தெரியாது. சினிமாவில் காட்டுவதையெல்லாம் நம்பிவிடாதீர்கள். நடந்துபோகும் ஒருவரைத் தொடரும்போது, அவருக்கு முன்னால் சற்று இடம் விட்டுப் பிடியுங்கள். அவர் இந்தக் காமிராவின் எல்லையைத் தாண்டும் முன்பே அடுத்த காமிராவின் எண்ணை அழுத்த விரல் தயாராக இருக்க வேண்டும். இதற்கு, எந்த எண் எந்த இடம் என்பது வாய்ப்பாடு போல மனப்பாடமாக வேண்டும். ஓய்வு நேரத்தில் அந்தக் கட்டடத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். அதைவிடச் சிறந்த பாடம் இல்லை.

ஐந்தாம் விதி: பதிவு என்றென்றும் இருக்காது. வட்டு நிறைந்ததும் மிகப் பழைய பதிவின்மேல் புதியது எழுதப்பட்டுவிடும். எத்தனை நாளில் என்பது இடத்துக்கு இடம் மாறும். அடிபட்டவரோ பொருளை இழந்தவரோ வந்து கேட்கும்போது, “நாளை பார்க்கலாம்” என்று சொல்லி நாள் கடத்தாதீர்கள். பொறுப்பாளரிடம் சொல்லி, வேண்டிய பகுதியைத் தனியே சேமிக்க ஏற்பாடு செய்யுங்கள். பெற்றோர்களே, உங்களுக்கும் இது பொருந்தும். ஆலையிலோ கடையிலோ விபத்து நேர்ந்தால், பதிவைச் சேமித்து வைக்கும்படி உடனே எழுத்து மூலம் கேளுங்கள்; போலீஸ் புகாரிலும் காமிரா இருப்பதைக் குறிப்பிடுங்கள். கணினியிலிருந்து எடுக்கப்படும் பதிவுகளைச் சாட்சியமாக ஏற்க 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவு இடமளிக்கிறது. ஆகவே ஒரு தொழிலாளியின் நியாயம் அந்த வட்டில் இருக்கக்கூடும்.

பதிவைத் திருப்பிப் பார்ப்பதற்கும் பெரிய விசைப்பலகைகளில் ஒரு சக்கரம் உண்டு. வெளி வளையத்தைத் திருகினால் படம் வேகமாக முன்னோ பின்னோ ஓடும். உள் சக்கரத்தைத் திருப்பினால் ஒவ்வொரு படமாக நகரும். ஒரு விநாடிக்கு 25 படங்கள் பதிவாகியிருந்தால், கண் இமைக்கும் நேரத்தில் நடந்ததையும் அவ்வாறு பிரித்துப் பார்த்துவிடலாம்.

ஆறாவது விதி உடம்பைப் பற்றியது. “உட்கார்ந்து டிவி பார்க்கிற வேலைதானே” என்று சிலர் ஏளனமாகச் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த வீரர்கள் எதிரியின் அடையாளத்தைத் தவறவிட்டது ஏன் என்று நார்மன் மாக்வொர்த் என்ற ஆங்கிலேய அறிஞர் ஆராய்ந்தார். 1948-இல் அவர் வெளியிட்ட முடிவின்படி, முதல் அரை மணி நேரத்திலேயே மனிதனின் கவனம் குறைந்துவிடுகிறது. அவர்கள் சோம்பேறிகள் அல்லர். மனித மூளையின் இயல்பு அது. ஆகவே அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நில்லுங்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் வேலையை மாற்றிக்கொள்ளுங்கள். தூரத்துப் பொருளைப் பார்த்துக் கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள். தாய்மார்களே, இரவு வேலை முடிந்து வரும் பிள்ளையைப் பகலில் தூங்க விடுங்கள். அதுவும் அந்த வேலையின் ஒரு பகுதியே.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்று. காமிராவை எங்கே திருப்பலாம் என்பதைக் கை கற்றுக்கொள்ளும். எங்கே திருப்பக்கூடாது என்பதை மனம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அடுத்த வீட்டுச் சன்னல், உடை மாற்றும் இடம், மரத்தடியில் பேசிக்கொண்டிருக்கும் இளம் ஜோடி, பால் கொடுக்கும் தாய், இவை நமக்குரியவை அல்ல. இன்னொருவரின் அந்தரங்கத்தில் வேண்டுமென்றே நுழைவது குற்றவியல் சட்டத்தின் 509-ஆம் பிரிவின்படி குற்றம். ஐந்தாண்டு வரைக்கும் சிறை விதிக்கலாம். வணிக நிறுவனங்கள் கையாளும் தனிமனித விவரங்களைக் காக்க 2010-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. திரையில் ஓடும் படத்தைக் கைத்தொலைபேசியில் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புவது வேடிக்கையல்ல. அது வேலையையும் மானத்தையும் ஒருசேர இழக்கும் வழி.

மற்றொன்று. பழைய சட்டை போட்டவர், கருத்த நிறத்தவர், வெளிநாட்டுத் தொழிலாளி கடைக்குள் நுழைந்தால் உடனே குச்சி அவர் பக்கம் திரும்புகிறது. ஆளின் தோற்றத்தைப் பார்க்காதீர்கள். அவர் செய்யும் செயலைப் பாருங்கள். தோட்டத்திலிருந்து முதன்முதலாகப் பட்டணத்துக் கடைக்குள் நுழைந்தபோது நம்மை எப்படிப் பார்த்தார்கள் என்பது நமக்கு மறந்துவிட்டதா? பார்க்கப்பட்டவனுக்கே பார்வையின் சூடு தெரியும். அது தெரிந்த நம் பிள்ளைகள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், இன்னொருவரை அப்படிச் சுடக்கூடாது.

இவ்வேலைக்குப் போக விரும்பும் இளைஞர்களுக்கு ஒரு சொல். சேரும் முன்பு, 1971-ஆம் ஆண்டுத் தனியார் முகவைச் சட்டத்தின்கீழ் அந்த நிறுவனத்துக்கு உரிமம் உண்டா என்று கேளுங்கள். பாதுகாவலர்களுக்கெனப் பயிற்சியும் சான்றிதழும் உண்டு, அதைப் பெற்றுக்கொள்ளுங்கள். 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்குச் சாதாரண வேலை நேரம் 45 மணிக்கு மேற்படலாகாது என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. சம்பளச் சீட்டில் மிகை நேரம் சரியாகக் கணக்கிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மலாயும் ஆங்கிலமும் நன்றாகப் படியுங்கள். குறிப்புப் புத்தகத்தில் தெளிவாக எழுதத் தெரிந்தவரையே கட்டுப்பாட்டு அறைக்குத் தேர்ந்தெடுப்பார்கள். பெண் பிள்ளைகளும் இவ்வேலையைச் செய்யலாம். பலம் தேவையில்லை, பொறுமையும் நேர்மையும் போதும்.

என் உரையை முடிக்கும் முன்பு அந்தப் பையனைப் பற்றி ஒரு வார்த்தை. எஸ்.பி.எம். தேர்வு முடிந்த விடுமுறையில் அவன் பள்ளிக்கு வந்தான். “சார், அந்த விசைப்பலகையை எனக்குக் கற்றுக் கொடுப்பீர்களா?” என்று கேட்டான். நாற்காலியை இழுத்துப் போட்டு அவனை உட்கார வைத்தேன். அவன் குச்சியைத் தொடவில்லை. முதலில் திரையின் மூலையில் ஓடும் நேரத்தைப் பார்த்தான். பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அதன் பிறகே, “சரியா இருக்கு சார்” என்று சொல்லி, முதலாம் காமிராவின் எண்ணை அழுத்தினான்.

அவனுக்கு நான் கற்றுக் கொடுக்க வேண்டியது அதிகம் இருக்கவில்லை.

நம் பிள்ளைகளும் அவ்வாறே சரிபார்த்துப் பார்க்கும் கண்காணிகளாக வளரட்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன்.